வெள்ளி ஷூ சிவப்பானது எப்படி?

கேள்வி இதுதான். ஓர் அப்பா தன் எட்டு வயது மகளுக்குத் தினமும் தூங்கும் முன் 'ஓஸ் நாட்டு மந்திரவாதி' கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார். எல். ஃபிராங்க் பாம் எழுதி 1900 இல் சிகாகோவில் வெளிவந்த நாவல். கதை முடிந்த கையோடு, 1939 இல் எம்ஜிஎம் ஸ்டூடியோ எடுத்த படத்தையும் போட்டுக் காட்டியிருக்கிறார். "ஷூ வெள்ளிதானே, ஏன் செவப்பா இருக்கு?" என்று நடுவிலேயே ஆரம்பித்த பிள்ளை, கடைசியில் எல்லாம் டோரதி கண்ட கனவு என்றதும் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாளாம். "இத்தனையை மாற்றிய படத்தை எப்படி எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்கிறார்.

பிள்ளையின் கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கனவு முடிவில் இன்றுவரை உடன்பாடில்லை. ஆனாலும் இந்தப் படத்தை இருபது தடவைக்குமேல் பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன். கதையின் சம்பவங்களில் இஷ்டத்துக்குக் கைவைத்த இந்தப் படம், நாவலின் முதல் இரண்டு பக்கங்களுக்கு மட்டும் வேறெந்தத் தழுவலும் காட்டாத விசுவாசத்தைக் காட்டியது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. அமெரிக்காவின் கன்சாஸ் சமவெளியில் எம் அத்தை, ஹென்றி மாமாவோடு வாழும் அநாதைச் சிறுமி டோரதி. சூறாவளி அவளையும் அவள் நாய் டோட்டோவையும் வீட்டோடு தூக்கிக்கொண்டுபோய் ஓஸ் நாட்டில் போடுகிறது. வீடு விழுந்ததில் அடியில் நசுங்கிச் செத்தவள் கிழக்குத் திசைச் சூனியக்காரி. அவளுடைய மந்திரக் காலணி டோரதிக்குக் கிடைக்கிறது. ஊர் திரும்ப வழி கேட்டு மஞ்சள் செங்கல் பாதையில் மரகத நகரத்து மந்திரவாதியைத் தேடிப் போகிறாள். மூளை வேண்டும் என்கிற சோளக்கொல்லை பொம்மையும், இதயம் வேண்டும் என்கிற தகர மனிதனும், தைரியம் வேண்டும் என்கிற கோழைச் சிங்கமும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். மந்திரவாதியோ வெறும் பித்தலாட்டக்காரர்.

இப்போது நாவலின் முதல் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம், சாம்பல் நிறம் என்று அந்தச் சொல் வந்துகொண்டே இருக்கும். உழுத நிலம் வெயிலில் காய்ந்து சாம்பல். புல்லும் சாம்பல். வீட்டுக்கு அடித்த பெயின்ட் வெயிலில் கொப்பளித்து மழையில் கரைந்துபோய் வீடும் சாம்பல். இளம் மனைவியாக வந்த எம் அத்தையின் கன்னத்துச் சிவப்பையும் கண்ணின் ஒளியையும் அதே வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஹென்றி மாமா தாடியிலிருந்து பூட்ஸ் வரை சாம்பல். டோட்டோ மட்டும்தான் கறுப்பு. டோரதியைச் சிரிக்கவைத்ததும் அந்த நாய் மட்டும்தான் என்கிறார் பாம். பிள்ளைகளுக்கான கதை ஒன்று இப்படியா தொடங்கும் என்று தோன்றும்.

அந்தச் சாம்பலைப் பாம் கண்ணால் பார்த்தவர். 1888 இல் மனைவி மக்களோடு அமெரிக்காவின் டகோட்டா பகுதியில் இருக்கும் ஆபர்தீன் ஊருக்குக் குடிபோய், பொம்மைகளும் பீங்கானும் விளக்குகளும் விற்கும் கடை வைத்தார். மழை பொய்த்தது. விவசாயிகள் கையில் காசில்லை. கடன் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கடையை மூடினார். பிறகு நடத்திய பத்திரிகையும் படுத்தது. 1891 இல் சிகாகோ போய்ச் சேர்ந்தார். நாவலில் கன்சாஸ் என்று எழுதியிருப்பது உண்மையில் டகோட்டா வறட்சிதான்.

படத்துக்கு வருவோம். டிஸ்னியின் ஸ்நோ ஒயிட் கார்ட்டூன் படம் 1937 டிசம்பரில் வந்து வசூலை அள்ளியது. தேவதைக் கதையில் காசு இருக்கிறது என்று மற்ற ஸ்டூடியோக்களுக்கும் உறைத்தது. சாமுவேல் கோல்ட்வின் கையிலிருந்த ஓஸ் உரிமையை எம்ஜிஎம் 75,000 டாலருக்கு வாங்கியது. தயாரிப்பாளர் மெர்வின் லெராய். அவருக்கு உதவியாளராக இருந்த ஆர்தர் ஃபிரீட், பிற்பாடு எம்ஜிஎம்மின் இசைப்படங்களையே ஆண்டவர். திரைக்கதை பலர் கைமாறியது. படத்தில் பெயர் வருவது மூன்று பேருக்கு மட்டும். அவர்களில் முக்கியமானவர் நோயல் லாங்லி.

ஷூவைச் சிவப்பாக்கியது இந்த லாங்லிதான். காரணம் மகா சாதாரணம். அப்போது மூன்று நிற டெக்னிகலர், அதாவது படத்தை வண்ணத்தில் எடுக்கும் முறை, புதுப் பணக்காரன் மாதிரி. காட்டிக்கொள்ளாவிட்டால் அதற்குச் செலவழித்து என்ன பயன்? கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதியும். அவற்றிலிருந்துதான் வண்ணப் பிரதியை அச்சடிப்பார்கள். வெள்ளியை இதில் படம்பிடித்தால் வெளுத்த ஷூ மாதிரித்தான் தெரியும். மஞ்சள் பாதையில் நடக்கும் கால் கண்ணைப் பறிக்க வேண்டுமென்றால் சிவப்பு. 1938 இல் லாங்லி எழுதிய பிரதியில் வெள்ளி போய் மாணிக்கம் வந்தது. ஆடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் சாதாரண குதிகால் ஷூவின்மேல் சமிக்கி தைத்துக் கொடுத்தார். நேரில் பார்த்தால் அந்தச் சமிக்கி கொஞ்சம் இருண்ட சிவப்பு. திரையில்தான் மாணிக்கமாக ஜொலிக்கும். டோரதியின் கவுனில் வெள்ளைக் கட்டமாகத் தெரிவதும் அசலில் இளஞ்சிவப்பு. டெக்னிகலருக்கு வெள்ளை ஆகாது, கண் கூசும்.

இதில் ஒரு கூத்து உண்டு. நாவலின் காப்புரிமை 1956 இல் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஓஸ் கதை எடுக்கலாம். ஆனால் சிவப்பு ஷூ நாவலில் இல்லை, அது படத்தின் சொத்து. 1985 இல் டிஸ்னி ஓர் ஓஸ் படம் எடுத்தபோது சிவப்பு ஷூவைக் காட்டுவதற்காகவே தனியாகக் கட்டணம் கட்டியது. ஓஸ் நாட்டுச் சூனியக்காரிகளைப் பற்றி 2024 இல் வந்த 'விக்கட்' (Wicked) படத்தில் ஷூ மறுபடி வெள்ளிக்குத் திரும்பியதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

அசல் ஷூக்களில் ஒரு ஜோடி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு ஜோடியை மின்னசோட்டாவில், டோரதியாக நடித்த ஜூடி கார்லண்ட் பிறந்த ஊரான கிராண்ட் ராப்பிட்ஸின் அருங்காட்சியகத்திலிருந்து 2005 இல் திருடிக்கொண்டு போனார்கள். 2018 இல் எஃப்பிஐ மீட்டது. 2024 டிசம்பரில் ஏலத்தில், கட்டணங்களோடு சேர்த்து, 3 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போனது. முழுப் படத்துக்கும் ஆன செலவே அன்றைய கணக்கில் 28 லட்சம் டாலருக்குக் கீழேதான்.

சரி, சாம்பலுக்கு வருகிறேன். நாவலின் அந்த முதல் பக்கத்தை எம்ஜிஎம் ஆட்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். கன்சாஸ் பகுதி முழுவதையும் பழுப்புச் சாயல் ஏற்றிய கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். டோரதி வீட்டுக் கதவைத் திறக்கும்போது வண்ணம் வருகிறது. இதைப் பலர் 'அந்தக் காலத்து டெக்னிக்' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுவார்கள். என் கணக்கில் படத்தின் இதயமே அந்த அரை நிமிடம்தான். செய்த விதத்தைச் சொன்னால் உங்கள் மகளும் கோபத்தை மறந்து இன்னொரு தடவை பார்ப்பாள்.

அந்தக் காட்சி தொடங்கும்போதே வண்ணப் படச்சுருள்தான் ஓடுகிறது. வீட்டின் உள்பக்கம் முழுவதற்கும், சுவர் கதவு உட்பட, பழுப்பு பெயின்ட் அடித்துவிட்டார்கள். கதவருகே முதுகு காட்டிக்கொண்டு நிற்பது ஜூடி கார்லண்ட் இல்லை. பாபி கோஷே என்ற டூப். அவருக்கும் பழுப்பில் தைத்த அதே மாதிரி கவுன். அவர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக விலகிவிடுகிறார். கேமரா வாசலை நோக்கி நகர்கிறது, வெளியே ஓஸின் பச்சையும் மஞ்சளும். அப்போது நீலக் கட்டம்போட்ட கவுனில் உண்மையான டோரதி வந்து நுழைகிறாள். கிராஃபிக்ஸ் கிடையாது, வெட்டும் கிடையாது. வெறும் பெயின்ட், ஓர் ஆள்மாற்றம். அடுத்த தடவை பார்க்கும்போது கதவைத் திறக்கும் கையைக் கவனியுங்கள்.

இந்த அற்புதத்தை ஒரு தலைமுறையே பார்க்கவில்லை என்பது வேறு கதை. 1956 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி இதை ஒளிபரப்பியபோது சுமார் நாலரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. கன்சாஸும் சாம்பல், ஓஸும் சாம்பல். அப்படியும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை போடும் பழக்கமாகி, படம் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு வந்ததே டிவியால்தான்.

வண்ணத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது. டெக்னிகலருக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். விளக்குகளின் வெக்கையில் செட்டுக்குள் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் சிங்கமாக நடித்த பெர்ட் லார் உடம்பில் அசல் சிங்கத் தோலில் தைத்த உடை, சுமார் 40 கிலோ. தகர மனிதனாக முதலில் நடித்தவர் படி எப்சன். முகத்தில் பூசிய அலுமினியப் பொடி நுரையீரலுக்குப் போய், மூச்சு முட்டி மருத்துவமனையில் கிடந்தார். ஸ்டூடியோ அவருக்குப் பதில் ஜாக் ஹேலியைப் போட்டுக்கொண்டு, பொடியைப் பசையாக மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நால்வரும் கைகோத்துப் பாடும் பாட்டில் எப்சன் குரல் இன்றும் இருக்கிறது என்பதுதான் பரிதாபம்.

மேற்குத் திசைச் சூனியக்காரியாக வரும் மார்கரெட் ஹாமில்டன் நடிக்க வருவதற்கு முன் பாலர் பள்ளி ஆசிரியை. 1938 டிசம்பர் 23 அன்று, தீயும் புகையுமாக மறையும் காட்சியில், அவர் நின்ற பலகை கீழிறங்கும் முன்னே தீ கிளம்பிவிட்டது. முகமும் கையும் வெந்தன. முகத்தில் பூசியிருந்த பச்சைச் சாயத்தில் தாமிரம். அதை உடனே துடைத்தெடுக்காவிட்டால் புண்ணில் விஷம். வெந்த தோலில் ஆல்கஹால் வைத்துத் தேய்த்து எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து வந்து, இனி நெருப்பு பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மீதியை நடித்துக்கொடுத்தார். டோரதியாக நடித்தபோது ஜூடிக்குப் பதினாறு வயது. சின்னப் பெண்ணாகக் காட்ட மார்பை இறுக்கிக் கட்டி நடிக்கவைத்தார்கள். 47 வயதில் அவர் இறந்ததற்கும் சிறுவயதிலிருந்தே பழகிப்போன மாத்திரைகளுக்கும் உள்ள தொடர்பு ஊரறிந்தது.

படத்தில் ஒரு குள்ள நடிகர் மரத்தில் தூக்கு மாட்டித் தொங்குவது தெரிகிறது என்று ஒரு வதந்தி சுற்றும். மகள் கொஞ்சம் பெரியவளானதும் யாராவது அவளிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது பறவை. காட்டுக் காட்சிக்காக விலங்குக் காட்சிசாலையிலிருந்து கொண்டுவந்து உலவவிட்ட பெரிய பறவைகளில் ஒன்று இறக்கையை விரிக்கிறது, அவ்வளவுதான்.

சூனியக்காரி பச்சையாக இருப்பதும் படத்தின் கற்பனையே. நாவலில் அவளுக்கு ஒரே ஒரு கண். துடைப்பத்துக்குப் பதில் குடை வைத்திருப்பாள், இருட்டைக் கண்டு பயப்படுவாள். அவள் வருவதே கிட்டத்தட்ட ஒரே அத்தியாயத்தில்தான். படத்துக்கு முழு நீள வில்லி தேவைப்பட்டதால் முதலிலிருந்தே துரத்தவிட்டார்கள். எனக்கு இதில் குறையே இல்லை. நாவலில் மந்திரவாதி ஊரைவிட்டுப் போன பிறகும் டோரதி இன்னொரு நீண்ட பயணம் போக வேண்டியிருக்கும். சண்டைக்கு வரும் மரங்கள், பீங்கான் மனிதர்களின் ஊர், தலையை நீட்டி முட்டும் மலைவாசிகள் என்று போய்க்கொண்டே இருக்கும். தினம் ஒரு அத்தியாயம் வாசிக்க அது பிரமாதம், 101 நிமிடப் படத்துக்குத் தாங்காது. வடக்குத் திசை நல்ல சூனியக்காரியையும் தெற்குத் திசை நல்ல சூனியக்காரி கிளிண்டாவையும் ஒருத்தியாக்கியதும் இதனால்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் படத்தை மன்னிக்க மாட்டேன்: பச்சைக் கண்ணாடி. மரகத நகரத்து வாசலில் ஒவ்வொருவருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பின்னால் பூட்டுப்போட்டுவிடுவார்கள் என்று வாசித்திருப்பீர்கள். நகரத்தின் பிரகாசம் கண்ணைக் கெடுத்துவிடும் என்பது சொல்லும் காரணம். உண்மையில் அந்த ஊர் மற்ற ஊர்களைவிடப் பச்சையொன்றும் இல்லை, கண்ணாடிதான் பச்சை. ஒரு நாட்டை ஏமாற்றி ஆள்வது எப்படி என்பதைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இதைவிட யாரும் சொல்லிவிட முடியாது. வண்ணத்தைக் காட்டத் துடித்த படத்தில் இதற்கு இடமில்லாமல் போனது. நகரத்தையே பச்சையாகக் கட்டிவிட்டார்கள். ஷூ நிறம் மாறியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அதற்கு ஈடு என்று சொல்லும்படி ஒன்றை வேறிடத்தில் செய்தார்கள். நாவலில் மந்திரவாதி சோளக்கொல்லை பொம்மையின் தலைக்குள் தவிடும் ஊசியும் குண்டூசியும் வைத்து அடைப்பார், தகர மனிதனுக்குப் பட்டில் தைத்த இதயம் கொடுப்பார், சிங்கத்துக்குக் கிண்ணத்தில் எதையோ ஊற்றித் தைரியம் என்று குடிக்கவைப்பார். படத்தில் பொம்மைக்குப் பட்டச் சான்றிதழ், சிங்கத்துக்குப் பதக்கம், தகர மனிதனுக்கு இதய வடிவக் கடிகாரம். இந்த வசனத்தை எழுதியவர் பாடலாசிரியர் யிப் ஹார்பர்க். பட்டத்தைக் கையில் வாங்கியதும் பொம்மை முக்கோணத்தைப் பற்றி ஒரு சூத்திரத்தைக் கம்பீரமாக ஒப்பிக்கும். சூத்திரம் தப்பு! எழுதியவர்கள் வேண்டுமென்றே தப்பாக எழுதினார்களோ என்னவோ, எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. சான்றிதழ் வந்ததும் தன்னம்பிக்கை வந்துவிட்டது, கணக்குத்தான் வரவில்லை. சட்டம்போட்டு மாட்டிய பட்டங்களுக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்து வளர்ந்த நமக்கு இந்த நையாண்டியை விளக்க வேண்டியதில்லை.

ஹார்பர்க் என்றதும் அந்தப் பாட்டு. நாவலில் வானவில் எங்குமே கிடையாது. ஹரால்ட் ஆர்லன் மெட்டுப் போட்டு, ஹார்பர்க் எழுதிய வானவில் பாட்டு படத்துக்காகவே பிறந்தது. 1929 பங்குச் சந்தைச் சரிவில் மின்சாமான் வியாபாரம் திவாலாகி, வேறு வழியில்லாமல் பாட்டெழுத வந்தவர் ஹார்பர்க். வறண்ட கன்சாஸில் ஒரு சிறுமி கண்ணால் பார்த்திருக்கக்கூடிய வண்ணம் என்று ஒன்று இருந்தால் அது வானவில் மட்டும்தான் என்பது அவர் யோசனை. கடை திவாலாகி டகோட்டாவை விட்டு வந்தவரின் சாம்பலை, கடை திவாலானவரே சரியாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றும். மெட்டின் முதல் சொல்லிலேயே குரல் கீழ் ஸ்தாயியிலிருந்து ஒரே தாவாக மேல் ஸ்தாயிக்குப் போகும். கீழ் ச-வில் நின்று நேராக மேல் ச-வைப் பிடிப்பதுபோல. அவள் நிற்கும் மண்ணுக்கும் போக ஆசைப்படும் இடத்துக்கும் உள்ள தூரம் அந்தத் தாவலில் இருக்கிறது.

இந்தப் பாட்டைத்தான் வெட்டப் பார்த்தார்கள். முன்னோட்டக் காட்சி முடிந்ததும், படத்தின் வேகத்தைக் குறைக்கிறது, எம்ஜிஎம் நாயகி மாட்டுத்தொழுவத்தில் நின்று பாடுவதா என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. ஆர்தர் ஃபிரீட் போராடி நிறுத்தினார். அந்த ஆண்டின் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. பின்னணி இசைக்கு இன்னொன்று. சிறந்த படத்துக்கான விருதை 'கான் வித் த விண்ட்' கொண்டுபோனது.

அந்தப் படத்துக்கும் இதற்கும் ஒரே இயக்குநர் என்பதை நம்பச் சிரமப்படுவீர்கள். ஓஸை இயக்கத் தொடங்கியவர் ரிச்சர்ட் தார்ப். இரண்டு வாரத்தில் மாற்றிவிட்டார்கள். நடுவில் சில நாட்கள் வந்த ஜார்ஜ் கியூக்கர் ஒரு காட்சியும் எடுக்கவில்லை. ஆனால் ஜூடியின் பொன்னிற விக்கையும் பொம்மை மேக்கப்பையும் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒன்றுக்காகவே அவருக்குப் பெயர் போட்டிருக்கலாம். பிறகு விக்டர் ஃபிளெமிங் வந்து பெரும்பகுதியை எடுத்தார். 1939 பிப்ரவரியில் 'கான் வித் த விண்ட்' அவரை இழுத்துக்கொண்டது. மிச்சமிருந்த கன்சாஸ் காட்சிகளை எடுத்தவர் கிங் விடோர். வானவில் பாட்டும் அவர் எடுத்ததுதான். ஃபிளெமிங் 1949 இல் இறக்கும்வரை விடோர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆக, சாம்பல் உலகத்தை எடுத்தவர் ஒருவர், வண்ண உலகத்தை எடுத்தவர் இன்னொருவர். சூறாவளியை எடுத்ததோ மூன்றாமவர், தந்திரக் காட்சிப் பிரிவின் ஆர்னால்ட் கில்லஸ்பி. விமான நிலையங்களில் காற்றின் திசை பார்க்கத் தொங்கவிடும் துணிக்குழாயைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை: 35 அடி நீள மஸ்லின் துணியைக் குழாயாகத் தைத்துச் சுழற்றி, அடியில் புழுதியை ஊதிவிட்டார். இன்றும் அது பயமுறுத்துகிறது.

இனிக் கனவு. இதற்குக் காரணம் பயம், வேறொன்றுமில்லை. 1933 இல் பாரமவுண்ட் எடுத்த 'ஆலிஸ் இன் ஒண்டர்லேண்ட்' என்ற மாயலோகப் படம் படுத்துவிட்டிருந்தது. பெரியவர்கள் மாயலோகத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று ஸ்டூடியோக்காரர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அதனால் லாங்லியும் மற்ற திரைக்கதையாளர்களும் கன்சாஸிலேயே மூன்று பண்ணையாட்களையும், டோட்டோவைப் பிடித்துப்போக வரும் பணக்கார மிஸ் கல்ச்சையும், ஊர்சுற்றும் ஜோசியக்காரரையும் படைத்தார்கள். யாரும் நாவலில் இல்லை. இவர்களே ஓஸில் பொம்மையாகவும் சிங்கமாகவும் சூனியக்காரியாகவும் மந்திரவாதியாகவும் வருகிறார்கள் என்றால் கனவு என்று நம்பிவிடலாம் அல்லவா. திரைக்கதைக் கட்டுமானம் என்று பார்த்தால் சாமர்த்தியம். கதைக்குச் செய்தது துரோகம். இத்தனை பயந்தும் முதல் வெளியீட்டில் சுமார் 11 லட்சம் டாலர் நஷ்டம். 1949 இல் மறுபடி வெளியிட்டபோதுதான் லாபத்தைப் பார்த்தார்கள்.

"எலி வளையானாலும் தனி வளை" என்பதுபோல, வீட்டைப் போல இடம் வேறில்லை என்று ஜூடி திரும்பத் திரும்பச் சொல்லிக் கண் விழிக்கும்போது எனக்குக் கண் கலங்கும், மறைக்கவில்லை. அடுத்த நொடியே எரிச்சலும் வரும். எந்த வீடு? பக்கத்து வீட்டுக்காரி நாயைக் கொல்லப் பார்க்கிற, யாருக்கும் இவள் பேச்சைக் கேட்க நேரமில்லாத, பழுப்பு வீடு. மிஸ் கல்ச் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், டோட்டோ கதி என்ன என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

மூல ஆசிரியர் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பாரா என்றும் அந்த அப்பா கேட்டிருக்கிறார். பாம் 1919 இல் இறந்துவிட்டார். இருந்திருந்தாலும் பெரிதாகச் சண்டை போட்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம். 1902 இல் அவர் பங்கெடுத்த மேடை நாடகத்தில் டோட்டோவே கிடையாது; நாய்க்குப் பதில் மாடு! மேற்குத் திசைச் சூனியக்காரியும் இல்லை. கசகசாத் தோட்டத்தில் பூவாசத்தில் தூங்கிப்போனவர்களைப் பனி பெய்து எழுப்புவதாகப் படத்தில் வருகிறதே, அந்தப் பனி 1902 நாடகத்திலிருந்து வந்ததுதான்; நாவலில் அந்த இடத்தில் தூங்கும் சிங்கத்தை எலிகள் வண்டி கட்டி இழுக்கும். 1914 இல் அவரே ஒரு படக் கம்பெனி தொடங்கி ஓஸ் படங்கள் எடுத்திருக்கிறார், அது ஓடவில்லை. கதையை மாற்றக் கூடாது என்ற பிடிவாதமெல்லாம் அவருக்குக் கிடையாது.

கதைக்குள் அரசியல் ஒளிந்திருக்கிறதா என்றால், வெள்ளி ஷூவும் மஞ்சள் பாதையும், பணத்துக்கு அடிப்படை தங்கம் மட்டுமா, வெள்ளியுமா என்று 1890களில் அமெரிக்காவில் நடந்த அரசியல் சண்டையைக் குறிப்பதாக ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் 1964 இல் கட்டுரை எழுதினார். பாம் அப்படி நினைத்து எழுதியதற்கு ஆதாரமில்லை என்று பின்னர் அவரே சொல்லிவிட்டார். படத்திலோ ஷூ சிவப்பு. அந்த வாதத்துக்கு வேலையே இல்லை.

மகளிடம் என்ன சொல்வது? நானாக இருந்தால் நாவலின் கடைசிப் பக்கத்தை எடுத்து மறுபடி வாசிப்பேன். டோரதி கன்சாஸ் புல்வெளியில் விழுந்து எழுந்து பார்க்கும்போது காலில் ஷூ இல்லை, வெறும் காலுறைதான். பறந்து வந்த வழியில் வெள்ளி ஷூ பாலைவனத்தில் கழன்று விழுந்துவிட்டது. கண்ணெதிரே ஹென்றி மாமா புதிதாகக் கட்டிய வீடு. பழையதைத்தான் சூறாவளி கொண்டுபோய்விட்டதே. கனவாக இருந்தால் பழைய வீடு அங்கேயே இருக்க வேண்டுமே.

அப்புறம் 1910 இல் வந்த ஆறாவது ஓஸ் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். அந்தப் புது வீட்டைக் கட்ட ஹென்றி மாமா வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். திருப்பிக் கட்ட முடியவில்லை, பண்ணை கைவிட்டுப் போகப்போகிறது. டோரதி ஓஸின் இளவரசி ஓஸ்மாவிடம் பேசி, அத்தையையும் மாமாவையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். நிரந்தரமாக. மரகத நகரத்தில், அரண்மனையில், காலையில் எழுந்து பால் கறக்க வேண்டிய மாடு இல்லாமல் ஹென்றி மாமா என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடும் இடம் வரும்போது உங்கள் மகள் சிரிப்பாள்.